நெல் மூட்டைக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்ததும் மாப்பிள்ளை வந்ததும் ஏறக்குறைய ஒன்றாகத்தான். எண்பத்தெட்டில், அப்பா மனுப் போட்டு ஐந்து வருஷம் கழித்து, லைன் இழுக்க வந்தவர் குழந்தைராஜ். சைக்கிளில் ஏணி, தோளில் கம்பிச்சுருள். அதன் பிறகு ஒரே மாதத்தில் மூன்று தடவை, கோளாறு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வந்து நின்றார். கோளாறு லைனில் இல்லை என்பது அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறு வருஷம் என் அக்கா அக்னஸைக் கட்டிக்கொண்டார். அந்த மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும், கூடவே ஏக்கமும் வரும்.

திருக்காட்டுப்பள்ளியிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் மச்சான் முப்பத்திரண்டு வருஷம் கம்பம் ஏறினார். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு ஏக்கர் சம்பா, ஞாயிறு பூசை, மாலையில் ஆற்றுப் படித்துறை. பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்துப் பேச அக்கா இருந்தாள்.

போன கார்த்திகை மழையில் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து அவர்கள் வீட்டுக் கடைசி அறைக் கட்டிலில் கிடந்தாள். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் லின்சிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, பூண்டி மாதாவுக்கு நேர்ந்து பிறந்த குழந்தைக்குத் தை கடைசி ஞாயிறு ஞானஸ்நானம். பேத்தி தலையில் தண்ணீர் ஊற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அக்காவுக்கு வேறு ஆசை இல்லை.

கடைசி அறையில்தான் நெட் எட்டாது. மோடம் முன் ஹாலில், இருதய ஆண்டவர் பீடத்தின் சிவப்பு பல்புக்குப் போட்ட ப்ளக்கில் ஓடுகிறது. நடுவே ஒன்றரை அடிச் சுவர் இரண்டு. டவர் சிக்னலும் அங்கே கிடையாது. கட்டிலோடு ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன்.

"நாலு பேரு தூக்குறதுக்கு இன்னும் நாள் இருக்குடா டேவிட்சா" என்றாள் அக்கா.

நான் தஞ்சாவூரில் இன்சூரன்ஸ் ஆபீஸ்காரன். எது வாங்கினாலும் நாலு வீடியோ பார்க்காமல் வாங்க மாட்டேன். மார்கழியில், மோடத்தின் சிக்னலை வாங்கி மேலே அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை, நாலு ஆன்டெனாக் கொம்பு வைத்ததை, வாங்கி வந்து நடு அறையின் பின்சுவரில் மாட்டினேன். கடைசி அறையில் லின்சியின் முகம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. ஒரு மாதம் அந்த வீட்டில் எனக்கு ராஜ உபசாரம்.

தை பாதியில் அறுப்பு. கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வர இன்னும் பத்து நாள். பனியில் களத்தில் போட்டு வைக்க மனசில்லாமல் அறுபது மூட்டையை நடு அறையில் உத்தரம் வரை அடுக்கினார்கள். மறுநாளிலிருந்து அக்கா அறையில் படம் உறைந்து நின்றது. கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன், பிளானை மாற்றினேன், மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கு மூன்றே நாள்.

மச்சான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் செல்லை வாங்கிக்கொண்டு மூட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை நின்றார். ஒரு மூட்டைக்குள் கையை விட்டு நெல்லை அள்ளிப் பார்த்தார்.

"ஈர நெல்லு. வர்ற சிக்னல இதுவே குடிச்சிடுது."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவர் நின்ற இரண்டு இடத்திலும் நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் மோடத்தின் சிக்னல் மூன்று கோடு, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. மார்கழியில் காலி அறையைப் பார்த்து மெஷின் வாங்கியிருக்கிறேன். தஞ்சை ஜில்லாவில் பிறந்தவனுக்குத் தையில் அந்த அறை எதற்கு என்று தெரியாமல் போய்விட்டது. மூட்டையை நகர்த்தலாம் என்றால் அறுப்பு நேரத்தில் ஆள் கிடைக்கவில்லை.

ரிப்பீட்டர் காற்றில் வாங்கிக் காற்றில் கொடுக்கிறது, வாங்குகிற இடமே கெட்டால் அது எதைக் கொடுக்கும் என்றார் மச்சான். கடைசி அறைக்கே ஒயர் கொண்டுபோய் அந்த அறைக்குள்ளேயே வைஃபை கொடுக்கிற ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை வைப்பது என்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் கடைக்காரர் ஏழெட்டு டப்பாவைப் பரப்பினார். ஆறு கொம்பு, எட்டுக் கொம்பு, கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்களுக்கென்று ஒன்று. மச்சான் வேகத்தைக் கேட்கவில்லை. ஒயரில் ஓடுமா, சீலிங்கில் மாட்டலாமா, இவ்வளவுதான் கேட்டார். கொம்பே இல்லாத, சின்னத் தட்டு மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை, அறுபத்தாறு வயசில் ஏணி ஏறினார். கிணற்றடிப் பக்கமாகத் தாழ்வாரத்தை ஒட்டி ஒயரை இழுத்து, முழத்துக்கு ஒரு கிளிப் அடித்துக்கொண்டே போனார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தபோது எங்கள் வாசலில் ஏணி போட்ட அந்த இருபத்தொன்பது வயசு ஆளே மேலே நிற்கிற மாதிரி இருந்தது.

ஞாயிறு சாயந்தரம் ஐந்தரைக்கு லின்சி கூப்பிட்டாள். வெள்ளைக் கவுனில் குழந்தை, பக்கத்தில் சாமியார், பின்னால் மெழுகுவர்த்தி, எல்லாம் துல்லியம். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். மச்சானைக் காணோம்.

கொல்லைக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். லைன் வந்துவிட்டால் வெளியே போய்விடுவதுதான் அவர் பழக்கம். ஒரு வீட்டில் இணைப்புக் கொடுத்து, பேசிப் பார்த்து, ரிசீவரை வீட்டுக்காரர் கையில் கொடுத்ததும் தெருவுக்கு வந்துவிடுவார். அடுத்தவர் பேசுவதை லைன்மேன் கேட்கக் கூடாது. மகள் அயர்லாந்து போன நாளிலிருந்து அவளோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் செல்லை அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போவதும் அதனால்தானோ என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

கூப்பிட்டேன். "லைன் வந்துடுச்சுல்ல. அவங்க பேசட்டும்" என்றார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏங்க, இது நம்ம வீட்டு லைனுங்க. வந்து உக்காருங்க."

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். அக்கா வலியைப் பார்க்காமல் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீரை ஊற்றினார். குழந்தை வீறிட்டது, அங்கே எல்லோரும் சிரித்தார்கள். லின்சி குழந்தையைக் கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, "அப்பா, கேக்குதா?" என்றாள்.

வீடு வீடாகப் போய் ரிசீவரைக் கொடுத்து அவர் கேட்ட கேள்வி அது. அவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.