இரண்டு முறை தட்டினேன்

கோலாலம்பூருக்குப் பக்கத்தில், ரவாங்கில் என் வீட்டுக்குக் கீழே உள்ள கடைவரிசையில் அட்டை விளையாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. மனைவி இறந்துபோன பிறகு, பகல் வெக்கைக்குப் பயந்து அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் கடைக்காரப் பெண் ஒரு கட்டு அட்டையை என் கையில் திணித்தாள். "சும்மா உக்காந்து மத்தவங்கள மொறைக்காதீங்க அங்கிள், வெளையாடுங்க லா."

எழுபத்தைந்து வயதில் டிராகன், பூதம் என்று அட்டை பிடித்தேன். விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவன் அந்தக் கடையில் நான் ஒருவன்தான்.

ஆளுக்கு நாற்பது அட்டை. தாக்கும் அட்டைகளை மேசையில் இறக்கி எதிராளியை வீழ்த்த வேண்டும். அதற்கு எதிராகத் தடுப்பு அட்டைகள் உண்டு. கையில் மறைத்து வைத்திருந்து, எதிராளி தாக்கும் நொடியில் காட்டினால் அந்தத் தாக்குதல் செல்லாமல் போகும். ஒரு கட்டில் மூன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. சின்னத் தாக்குதலுக்கு அதைச் செலவழித்துவிட்டால், பெரியது வரும்போது வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு ஓர் அம்மாள் வருவார். ஐம்பது வயது இருக்கும். தொழிற்சாலை வேலை, சில நாள் சீருடையோடே வந்துவிடுவார். மகள் விட்டுவிட்டுப் போன அட்டைகளை வைத்துக் கற்றுக்கொண்டாராம். மற்றவர்களிடம் பாதி ஜெயிப்பார், பாதி தோற்பார். என்னிடம் மட்டும் தோற்கவே மாட்டார். சின்ன அட்டையை இறக்கி ஆசை காட்டினால் அசைய மாட்டார். பெரியதை இறக்கினால் தடுப்பு வந்து விழும். சில சமயம் நான் இறக்கும் முன்பே அவர் விரல் ஓர் அட்டையின் மேல் போய் நின்றுவிடும். அதைப் பார்த்த அன்றுதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது.

நான் கெர்லிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கிராணியாக, ஆள்கணக்கு எழுதுபவனாக, இருந்தவன். ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, காய்ச்சல் என்று சொல்பவளுக்கு உண்மையிலேயே காய்ச்சலா என்று சந்தேகப்படுவதுதான் என் வேலை. அந்தக் கண் என்னோடு ஓய்வு பெறவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் இருந்த குளிர்பானப் பெட்டியின் கண்ணாடியில் என் அட்டைகள் தெரிகின்றனவோ என்று இடம் மாறி உட்கார்ந்தேன். என் அட்டைகளின் பிளாஸ்டிக் உறைகளை மாற்றினேன். அட்டைக் கட்டையே மாற்றினேன். அவர் கலைத்ததை மறுபடியும் நான் கலைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

"அடுத்த வாரம் எக்ஸ்ரே மெஷின் கொண்டாருவீங்களா அங்கிள்?" என்றாள் கடைக்காரப் பெண்.

"விடும்மா, ஐயாவுக்கு என் மேல அவ்ளோ பிரியம்," என்று அந்த அம்மாள் சிரித்தார்.

மாநிலப் போட்டிக்கு எங்கள் கடையிலிருந்து ஒருவர்தான் போகலாம். கடைசி ஆட்டத்துக்கு அவரும் நானும் மிஞ்சினோம். அவர் தொழிற்சாலையில் முன்கூட்டியே விடுப்புச் சொல்லி வைத்திருந்தார். "நல்லதுக்குன்னு ஒரு லிஸ்ட்டுல என் பேர் வந்து நான் பாத்ததில்ல," என்று உட்காரும்போது சொன்னார்.

அதற்கு முந்தைய வாரமே அவருடைய இரண்டு உறைகளின் மூலை மடங்கியிருந்ததைக் கவனித்திருந்தேன். அவற்றுள் இருந்தவை யாருக்கும் உதவாத சாதாரண அட்டைகள். அதையும் கவனித்திருந்தேன். ஆனால் விதிப் புத்தகத்துக்கு அடையாளம் என்றால் அடையாளம்தான்; வைத்திருப்பவர் ஆட்டத்தை இழப்பார்.

என் டிராகனை இரண்டாவது தடுப்பால் அவர் வீழ்த்தியதும் கையைத் தூக்கினேன். "இந்த அம்மா கார்டுல அடையாளம் இருக்கு. செக் பண்ணுங்க."

எல்லாரும் சுற்றி நின்றார்கள். கடைக்காரப் பெண் நாற்பது அட்டைகளையும் ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவிப் பார்த்தாள். அந்த அம்மாள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாரிக்கா. ரூல் அப்படித்தான் இருக்கு. ஆட்டம் அங்கிளுக்கு."

"நான் ஏமாத்தினேன்னு எழுதுவீங்களா?"

"ஐயோ, இல்லக்கா."

"எழுதலைனா என்ன, எல்லாரும்தான் பாத்தாச்சே."

அவர் வெளியேறியதும் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்க அல்ல. என் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

"எப்படிம்மா தெரிஞ்சிச்சு? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"பெரிய கார்டு எறக்கறதுக்கு முன்னால, கையில உள்ளத மேசையில ரெண்டு தட்டு தட்டுவீங்க, கிராணி ஐயா."

ரவாங்கில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் கிராணியாக இருந்தது இங்கே யாருக்கும் தெரியாது.

"பெரட்டுல செக்ரோல் புஸ்தகத்த அப்பிடித்தான் தட்டுவீங்க. ரெண்டு தட்டு விழுந்தா யாருக்கோ அரைப் பேருன்னு லயத்துச் சனம் எல்லாத்துக்கும் தெரியும். எங்கம்மா என் கைய இறுக்கிப் புடிச்சுக்கும். எனக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போயி லேட்டா வந்த அன்னிக்கும் தட்டினீங்க. அப்ப தடுக்க எங்க கையில ஒண்ணும் இல்ல. இப்ப மூணு கார்டு இருந்துச்சு."

பெரட்டு என்பது விடிவதற்கு முன் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பது. அரைப் பேர் என்றால் அன்றைக்குப் பாதி நாள் சம்பளம்தான். அப்படி எத்தனை பேருக்குப் போட்டேனோ தெரியாது. அவருடைய தாயின் முகம் எனக்கு நினைவில்லை. அந்த நாளும் நினைவில்லை.

பெயரை அனுப்ப அன்று மாலைவரை நேரம் இருந்தது. கீழே இறங்கிப் போய், அவர் பெயரையே அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து, விதி என்றால் விதிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெயர் போனது.

மாநிலப் போட்டியின் முதல் சுற்றில் பெரிய அட்டையை இறக்கும் முன் என் கை தானாக இரண்டு முறை தட்டியது. அந்தச் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எதிரே இருந்தவர் தலை நிமிரவில்லை. ஜெயித்தேன். இரண்டாவது சுற்றிலும் தட்டினேன்; ஜெயித்தேன். பெரட்டு வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அந்தச் சத்தம் கேட்கும். மூன்றாவது சுற்றில் கவனம் போய்த் தோற்றேன்.

அடுத்த ஞாயிறு கடையில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: மூலை மடங்கியவை உதவாத அட்டைகள் என்று எனக்கு முன்பே தெரியும், அந்த அம்மாள் ஏமாற்றவில்லை, என் கையைத்தான் படித்தார் என்று.

கடைக்காரப் பெண், "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல அங்கிள்," என்றாள். நான் சொன்னதையெல்லாம் அந்த அம்மாளுக்குச் செய்தியாக அனுப்பி, மறுபடியும் வரச் சொல்லிக் கேட்டாள். உடனே பதில் வந்தது. போனை என்னிடம் காட்டினாள்.

"கிராணி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"பாருங்க, கோவமே இல்ல," என்றாள்.

நான் தலையாட்டினேன். பெரட்டில் அரைப் பேர் விழுந்தவர்கள், பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நகரும்போது என்னிடம் சொன்னதும் அதே சொற்கள்தான். அந்த அம்மாள் அதன் பிறகு கடைக்கு வரவில்லை.