ஓசூரில் என் பேஸ் கிட்டாருக்கு ஒரு ட்ரையல் ரன்

போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கி வருவதற்காகச் சேலத்திலிருந்து ஓசூர் போனேன். ஓசூருக்கு வேலை தேடிப் போவார்கள், இல்லையென்றால் பெங்களூர் போகிற வழியில் டீ குடிக்க இறங்குவார்கள். கிட்டார் வாங்கப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், "அங்க வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ்தானே செய்வாங்க? கிட்டாருமா?" என்று சிரித்தார். செய்கிறார்கள் ஐயா, அதுவும் வீட்டு கார் ஷெட்டில், நம் கைக்கு அளவெடுத்துச் செய்கிறார்கள். என்னைப் போல இன்னும் நாலு பேர் போக நினைக்கலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் என் கதை கொஞ்சம். பதினாறு வருடமாகக் கல்யாண மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். நாலே நாலு தடித்த கம்பிகள். சாம்பாரில் உப்பு மாதிரி, இருக்கும்போது ஒருத்தரும் பேச மாட்டார்கள், இல்லாவிட்டால்தான் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு உயரம் ஐந்தடிக்கும் கீழே, கையும் அதற்கேற்ற கை. இரண்டு வருடமாக இடது கட்டைவிரல் அடியில் ஒரு வலி. கச்சேரி தொடங்கி அரை மணியில் ஆரம்பிக்கும், முடியும்போது தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாது. டாக்டர், "ஓய்வு கொடுங்க" என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

குழுவை நடத்துகிற குணா அண்ணன் நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் வலித்தது. "ஜெயந்தி, கார்த்திகை கடைசி முகூர்த்தம் வரைக்கும் பாரும்மா. முடியலைன்னா தையிலேர்ந்து கீபோர்டு தம்பியே இடது கையில பேஸைப் போட்டுக்கட்டும்." ஆளைக் குறைத்தால் அவருக்கும் செலவு குறைவு. எனக்கோ, பதினாறு வருடம் ஒரு கீபோர்டின் இடது பக்கத்துக்குள் போய்விடும்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்களுக்கு வேலையும் கிடையாது. அந்த நேரத்தில்தான் தர்மபுரியில் ஒரு சர்ச்சில் வாசிக்கிற நண்பர் ஓசூரில் பேஸ் செய்து தருகிற இம்தியாஸின் நம்பரைக் கொடுத்தார். சாதாரண பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம், எனக்கு 30 போதும். போனில் பேசி, நானே ஒரு படம் வரைந்து அனுப்பினேன். உடல் பகுதி மாங்காய் வடிவம், ஸ்ட்ராப் மாட்டுகிற மேல் கொம்பு சின்னதாக, அழகாக. கூடவே ஒரே ஒரு கட்டளை: "எவ்வளவு லேசா முடியுமோ அவ்வளவு லேசா இருக்கணும்." விலை முப்பத்தெட்டாயிரம் பேசி, பாதியை முன்பணமாக அனுப்பினேன். நாலு மாதம் கழித்து "ரெடி, வாங்க" என்று போன் வந்தது. என் கடைசி முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் காலை ஐந்தரைக்கு அரசுப் பேருந்து. தூரம் 160 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நான்கு மணி நேரம் ஆனது. தொப்பூர் கணவாயில் குளிர் தொடங்கியது, கிருஷ்ணகிரி தாண்டியதும் ஜன்னலை இழுத்து மூடினேன். சூளகிரிக்குப் பிறகு இரண்டு பக்கமும் கம்பெனி காம்பவுண்டுகள், ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்கள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துக் கன்னடத்தில் "எல்லிகெ மேடம்?" என்றார். முழித்தேன். உடனே தெலுங்குக்குத் தாவி "எக்கடிகி?" என்றார். "தமிழ்லயே கேளுங்கண்ணா, தொரப்பள்ளி பக்கம் போகணும்" என்றதும், "அதை மொதல்லயே சொல்றதில்லையா? இருநூறு ரூபா ஆவும்" என்றார் சுத்தத் தமிழில். நூற்று ஐம்பதுக்குப் படிந்தது. தொரப்பள்ளி போகிற பக்கம், ஊரைத் தாண்டி ஒரு புது லேஅவுட்டில் இம்தியாஸின் வீடு.

கார் ஷெட்டில் காரே இல்லை. பாதி செய்த கிட்டார் உடல்களும் கழுத்துகளும் கயிற்றில் தொங்கின. பரணில் காய்கிற மலைவேம்புப் பலகைகள், ஓரத்தில் தேக்குக் கட்டைகள். இம்தியாஸ் பதினோரு வருடம் வண்டிப் பாகங்கள் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, இப்போது வீடுகளுக்கு மரவேலை செய்பவர். மீதி நேரம் பேஸ். அவர் மனைவி சபீனா ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் என்கிற கம்பிச் சுருளைச் சுற்றுகிறார். கம்பி அதிர்வதைச் சத்தமாக மாற்றுகிற பிக்கப்பில், தலைமுடியை விட மெல்லிசான செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். அதை வீட்டில் சபீனாதான் சுற்றுகிறார், பழைய தையல் மெஷின் மோட்டாரில் தானே பூட்டிய ஒரு கருவியில். கம்பியை விரலுக்கு நடுவில் பிடித்திருக்கும்போது அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "கம்பெனில மோட்டாருக்குச் சுத்துறேன், வீட்ல பாட்டுக்குச் சுத்துறேன். சுத்துறதுதான்க்கா என் பொழப்பு" என்றார்.

என் பேஸ் மேஜை மேல் இருந்தது. அட, அட! மலைவேம்பு உடல் தேன் நிறத்தில், தேக்குக் கழுத்து, அதன் மேல் விரல் வைக்கிற இடத்தில் கறுத்த ஈட்டி மரப் பலகை. நான் வரைந்த கோடு அப்படியே, ஒரு நூல் பிசகில்லை. உட்கார்ந்து வாசித்தேன். அடிக் கம்பியைத் தட்டியதும் ஸ்பீக்கர் பெட்டி மேல் இருந்த டீ கிளாஸ் நடுங்கியது. விரல்கள் எட்டாத இடமே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மீதிப் பணத்தை எடுத்து நீட்டினேன்.

இம்தியாஸ் வாங்கவில்லை. "இருங்க. ட்ரையல் ரன் போடாம எதுவும் கேட்டைத் தாண்டாது. உங்க கச்சேரி எவ்ளோ நேரம்?"

"மூணு மணி நேரம்."

"அப்ப மூணு மணி நேரம் நின்னு வாசிங்க. உக்காந்து வாசிச்சா எல்லாப் பேஸும் நல்ல பேஸ்தான்."

இது என்னடா வம்பு என்று நினைத்தேன். ஆனால் இவர்கள் வழக்கம் இதுதானாம், யார் வந்தாலும் கச்சேரி நேரம் முழுக்க வாசித்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். ஸ்ட்ராப்பைத் தோளில் மாட்டினேன். போனில் பாட்டை ஓடவிட்டு, கூடவே வாசித்தேன். சபீனா எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்தார், பாட்டைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

அரை மணி நேரம். அதே இடம், அதே வலி. கட்டைவிரல் அடியில் ஊசி இறங்கியது. பாட்டு ஓடிக்கொண்டே இருக்க, நான் நிறுத்திவிட்டேன். "வலிக்குதுங்க" என்றேன். "முப்பது அங்குலத்துலயும் சரியாவல. இது என் கையோட கோளாறு. விடுங்க, கீபோர்டு தம்பியே வாசிக்கட்டும்." கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சபீனா எழுந்து வந்தார். "அக்கா, இடது கையைச் சும்மா எடுங்க."

எடுத்தேன். பேஸின் தலைப்பக்கம் மடமடவென்று சரிந்து முழங்காலுக்கு வந்துவிட்டது.

"பாத்தீங்களா? நீங்க வாசிக்கல. தூக்கிப் புடிச்சிட்டு நிக்கிறீங்க. கட்டைவிரல் பாதி நேரம் அந்தக் கழுத்தைத் தாங்குது. பழைய பேஸும் இப்டி சாயுமா?"

யோசித்துப் பார்த்தேன். சாயும். கொஞ்சம் சாயும். எல்லாப் பேஸும் அப்படித்தான் என்று பதினாறு வருடமாக நம்பியிருக்கிறேன்! "ஆனா இது லேசாச்சே" என்றேன்.

"உடம்புதானே லேசு? கழுத்து தேக்கு, தலையில கம்பி முறுக்குற ட்யூனிங் கீ எல்லாம் இரும்பு. தராசுல ஒரு தட்டைக் காலியா வெச்சா மறு தட்டு என்ன பண்ணும்?" என்றவர், புருஷன் பக்கம் திரும்பினார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, கொம்பு சின்னதா இருக்கு, ஸ்ட்ராப் மாட்ற எடம் பின்னாடி போகுதுன்னு?"

"கஸ்டமர் டிராயிங்ல அப்டித்தான் இருக்கு சபீ."

"டிராயிங்ல கெணத்துல குதின்னு இருந்தா குதிப்பியா?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதினோரு வருடம் அவர் இருந்த இடத்தில் டிராயிங்தான் வேதம். வாங்குகிற கம்பெனி அனுப்பிய கோட்டை மாற்றினால் மொத்த லோடும் திரும்பி வரும். அந்தப் பழக்கத்தில் நான் வரைந்த மாங்காயைக் கேள்வியே கேட்காமல் செதுக்கிவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான்.

இம்தியாஸ் எதிர் வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்த போல்ட்டுகளைத் துணிப்பையில் அள்ளிப் போட்டு, பேஸின் வால் பக்கத்தில் டேப் சுற்றி ஒட்டினார். கழுத்து நிமிர்ந்தது. தோள்தான் இறங்கியது. "இது ஆவாது" என்று பிரித்தார். "உடம்பைப் புதுசா செஞ்சு தரேன், காசு வேணாம். ஒன்றரை மாசம் ஆவும்."

"பத்து நாள்ல முகூர்த்தம்ங்க."

அப்போதுதான் எதிர் வீட்டுப் பாண்டி வந்தார். சொந்த ஊர் விருதுநகர் பக்கம், வீட்டு முன்னால் தகரக் கொட்டகையில் ஒரு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர். தன் போல்ட்டுகளைத் திருப்பிக் கேட்க வந்தவர், விஷயத்தைக் கேட்டார். பேஸை என் தோளில் மாட்டச் சொல்லி, தலைப்பக்கத்தை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கு ஏம்ப்பா ஒப்பாரி? கொம்பு குட்டையின்னா நீட்டிவிட வேண்டியதானே. அலுமினியத்துல ஒரு கை போட்டுருவோம்."

"என் மரத்துல அலுமினியமா?" என்று இம்தியாஸுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மாப்ளே, ஒம் மரம் அழகாத்தான் இருக்கு. அக்கா கை வெளங்க வேண்டாமா?"

சபீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இம்தியாஸ் அளவு நாடாவை எடுத்தார். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற ஃப்ரெட் கம்பிகளில் பன்னிரண்டாவதுக்கு நேராகக் கொம்பு வந்தால்தான் பேஸ் நிற்குமாம், என்னுடையது அதற்கு மூன்று அங்குலம் முன்பே முடிந்துவிட்டது. பாண்டி ஒரு அலுமினியத் துண்டைப் பிடித்து அறுத்து, குடைந்து, முனையை உருட்டினார். இதற்குள் இம்தியாஸ் இரும்புக் கீகளைக் கழற்றிவிட்டு லேசான கீகளை மாட்டினார். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. இந்தத் தெருவில் ஒரு வீட்டில் லேத், ஒரு வீட்டில் பெயின்ட், ஒரு வீட்டில் வெல்டிங். ஒருவருக்கு முடியாததை எதிர் வீட்டில் கேட்டால் ஆகிவிடுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சபீனா போட்ட பருப்புச் சாதத்தையும் முட்டைப் பொரியலையும் சாப்பிட்டு முடிப்பதற்குள், கொம்பின் பின்பக்கத்தில் அந்த அலுமினியக் கை இரண்டு திருகாணியில் உட்கார்ந்துவிட்டது.

மறுபடி மாட்டினேன். இடது கையை எடுத்தேன். பேஸ் அசையவில்லை, வைத்த இடத்தில் நின்றது.

அதற்காக விட்டுவிட்டார்களா? மூன்று மணி நேரம் முழுசாக வாசிக்க வைத்தார்கள். அரை மணி, ஒரு மணி. வலி வரும் வரும் என்று பயந்து பயந்து வாசித்தேன், பிறகு பயப்படுவதையும் மறந்தேன். முதல் ஷிப்டு முடிந்து வந்தவர்கள் சாப்பாட்டு டப்பாவோடு கேட்டில் நின்று கேட்டார்கள். பாண்டிக்குப் பணம் கொடுக்கப் போனேன். "காசெல்லாம் வேண்டாம்க்கா, ஒரு குத்துப் பாட்டுக்கு நல்லா இறக்கி வாசிங்க" என்றார். வாசித்தேன். இம்தியாஸ் அந்த அலுமினியத்தைப் பார்த்துக்கொண்டே மீதிப் பணத்தை வாங்கினார். "அடுத்த தடவ டிராயிங் அனுப்பாதீங்க மேடம்" என்றார்.

அன்று ஓசூரிலேயே தங்கினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜ், தொள்ளாயிரம் ரூபாய், சுடுதண்ணீர் காலையில் மட்டும். வந்ததுதான் வந்தோம் என்று மறுநாள் பேஸையும் தூக்கிக்கொண்டு தளிக்கு டவுன் பஸ் ஏறினேன். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நல்ல குளிர், கோஸும் ரோஜாவும் விளைகிற தோட்டங்கள், டீக்கடை முழுக்கக் கன்னடம். "இது வீணையா?" என்று கண்டக்டர் கேட்டார். "அதோட தம்பி" என்றேன். லக்கேஜ் போடவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரே நாளில் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள், ட்ரையலில் ஏதாவது கிளம்பினால் அன்றே சரி செய்ய நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், தெருவில் மெஷின்கள் ஓடாது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது படம் வரைந்து அனுப்பாமல், நீங்கள் நின்று வாசிக்கிற வீடியோவை அனுப்புங்கள், முக்கியமாகக் களைத்துப்போன கடைசிப் பாட்டை. உங்கள் பேஸை இப்போதே தோளில் மாட்டி, இடது கையை எடுத்துப் பாருங்கள். சாய்ந்தால், ஓசூர் வரை போகாமலேகூட உங்கள் ஊர் லேத் பட்டறையில் தீர்வு இருக்கலாம்.

கடைசி முகூர்த்தம் சேலத்திலேயே ஒரு மண்டபத்தில். மூன்றே கால் மணி நேரம் வாசித்தேன். கீபோர்டு தம்பி தன் இடது கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது குணா அண்ணன் வந்தார். பேஸில் முளைத்திருக்கிற அலுமினியத்தை ஒரு தரம் பார்த்தார். "தை மூணாம் தேதி ஓமலூர் ரிசப்ஷன். வேன் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துரும், ரெடியா இரு" என்று சொல்லிவிட்டு டிரம்ஸைத் தூக்கப் போய்விட்டார். கை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. எனக்கே அந்த ஞாபகம் வந்தது மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான்.