நத்தைக்குக் கிடைத்த கைதட்டல்

ஒரு மாணவி சொன்ன சரியான விடையைத் தவறு என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய திருச்சிப் பயணமும் அதனால் வேறொருவனுக்குப் போயிற்று.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பாதி இடங்களில் எனக்கே வருகிறது!

பெரம்பலூரில் என் வீடு. அரியலூர் சாலையில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சாக்பீஸ்களை நிறவாரியாக அடுக்கி வைப்பவன். நாட்குறிப்பில் அடித்தல் திருத்தல் இருந்தால் அந்தப் பக்கத்தையே மறுபடி எழுதுபவன். இப்படிப்பட்டவனுக்கு 2004-இல் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்தார்கள். படம் அசையும், குரல் பேசும், பட்டனை அமுக்கினால் அடுத்த பக்கம் திறக்கும் பாடங்களை நாமே செய்யலாம் என்றார்கள்.

எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது!

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது அல்லவா? சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் சுருள் சுருளான, கல்லாகிப்போன கடல் உயிரிகளைப் பற்றி ஒரு பாடம் செய்தேன். அலையோசை வேண்டியிருந்தது. என் மனைவி முறத்தில் அரிசியை உருட்ட, நான் மைக்கைப் பிடித்தேன். "அலை போதுமா, இல்ல புயலே வேணுமா?" என்று கேட்டாள். அதுவும் பதிவாகிவிட்டது. அழித்தேன்.

பாடத்தின் முடிவில் வினாவிடை. சரியான பட்டனை அமுக்கினால் கைதட்டல் கேட்கும். தவறான பட்டன் என்றால் ஒரு பொம்மை வந்து அழும். முதல் கேள்வியின் பக்கத்தைச் செய்து, அதையே நகலெடுத்து மற்றக் கேள்விகளுக்குப் பயன்படுத்தினேன். நகலெடுக்கும்போது எந்தப் பட்டனுக்குக் கைதட்டல் என்ற இணைப்பும் கூடவே வந்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் அதை மாற்ற வேண்டும். மாற்றினேன்... கடைசிக் கேள்வியைத் தவிர.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன்! அலையோசை சரியாகக் கேட்கிறதா என்று.

பாடத்தைப் பார்க்கக் கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். இரவல் வாங்கிய புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நான் வந்து சேர்ந்தேன். கடைசிக் கேள்விக்கு விடை சொல்பவரைத் திருச்சி அறிவியல் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று அதிகாரி அறிவித்தார். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

கேள்வி இதுதான்: சுருள் கல்லில் வாழ்ந்த உயிரி எதற்கு உறவு? நத்தை, கணவாய், ஆமை. பார்த்தால் நத்தை போலத்தான் இருக்கும். விடையோ கடலில் வாழும் கணவாய்; அதன் இனத்து ஓடுகளில்தான் உள்ளே அறைகள் உண்டு. பாடத்தில் அதைச் சொல்லாமல், கல்லின் உள்ளறைகளை மட்டும் படத்தில் காட்டியிருந்தேன். யோசிப்பவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று.

ஆரோக்கியமேரி யோசித்தாள். ஒன்பதாம் வகுப்பு, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுநரின் மகள். எழுந்து வந்து கணவாயை அமுக்கினாள்.

பொம்மை அழுதது.

வகுப்பு சிரித்தது. அந்தப் பக்கத்தில் இணைப்பை மாற்றாதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இடத்துக்குப் போகவில்லை.

"சார், நத்தை ஓட்டுக்குள்ள தடுப்பு இருக்காதுல்ல சார்? எங்கப்பா லாரில வர்ற கல்ல ஒடச்சுப் பாத்திருக்கேன். உள்ள அறை அறையா இருக்கு."

அதிகாரி புன்னகைத்தார். "கம்ப்யூட்டர்கிட்டயே சண்டைக்குப் போறியாம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'பட்டனில் பிழை' என்று இரண்டே சொற்கள் சொன்னால் போதும். ஏன் சொல்லவில்லை? அதிகாரி என் பாடத்தில் ஒரு குறையும் இல்லை என்று சற்று முன்புதான் பாராட்டியிருந்தார்...

"அவசரப்பட்டுட்ட. போய் உக்காரும்மா" என்றேன்.

ஜாகீர் வந்து நத்தையை அமுக்கினான். கைதட்டல்! அவனே திருச்சிக்குப் போய் வந்தான். கண்காட்சியில் பேசும் எலும்புக்கூட்டைப் பார்த்ததாக வெகுநாள் சொல்லித் திரிந்தான்.

அன்று மாலையே இணைப்பைச் சரி செய்தேன். ஒரு நிமிட வேலை. மறுநாள் வகுப்பில், கணவாய்தான் சரி, ஏன் என்று மேரி சொல்லட்டும் என்று மட்டும் கூறினேன். அவள் அழகாகச் சொன்னாள். நேற்று என்ன நடந்தது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதிகாரியின் அலுவலகத்தைத் தாண்டித்தான் என் பஸ் போகும். நான் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருவதை நிறுத்திக்கொண்டேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் ஒரு பிழை, ஒரு பொய். 2008-இல் பிளஸ் டூ மாணவர்களின் பிரிவு விழா வந்தது. மேரி மேடையேறினாள்.

"சார் வேணும்னேதான் அந்தப் பட்டன தப்பா வச்சாரு. கம்ப்யூட்டரே சொன்னாலும் கல்ல ஒடச்சுப் பாருன்னு சொல்லாம சொல்லிக் குடுத்தாரு. திருச்சி போகலையேன்னு அன்னைக்கு அழுதேன். அப்புறந்தான் புரிஞ்சுச்சு."

அரங்கமே கைதட்டியது. இது பதிவு செய்த கைதட்டல் இல்லை! தலைமையாசிரியர் என் பக்கம் சாய்ந்து, இப்படியொரு உத்தியைத் தன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து கும்பிட்டேன்!

அதன்பின் எங்கள் பள்ளியில் இது ஒரு கற்பித்தல் முறையாகிவிட்டது. கணக்கு ஆசிரியர் தம் பாடத்தில் வேண்டுமென்றே ஒரு தவறான பட்டனை வைத்தார். எந்தக் கேள்வியில் வைத்தால் நல்லது என்று என்னிடம் ஆலோசனை கேட்டார்.

"கடைசியில வைங்க" என்றேன்.

கல்லூரி திறக்கும் வாரம் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் மேரியைப் பார்த்தேன். பெட்டியோடு நின்றாள், பக்கத்தில் அவள் அப்பா. பாறைகளைப் பற்றிய படிப்பு, திருச்சியில்.

"இவருதான்ப்பா அந்த சார்."

அவர் இரு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அன்னைக்கு அப்படிச் செய்யலேன்னா புள்ளைக்கு இந்தப் படிப்புல நெனப்பே வந்திருக்காதுங்க."

இப்போதாவது... வாயைத் திறந்தேன்.

"பஸ் வந்துருச்சு பாருங்க" என்றேன்.

மூவரும் திரும்பிப் பார்த்தோம். அது சென்னைக்குப் போகிற பஸ்.

திருச்சி பஸ் வர அரைமணி நேரம் ஆயிற்று. சொல்வதற்கு வேண்டிய நேரம் இருந்தது. மேரிக்கு விடுதியில் சாப்பாடு எப்படியிருக்கும் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.