அவர் கோபத்தைக் காட்டும் என்று கேட்டேன்

கர்த்தருக்குள் அன்பான உங்கள் எல்லாருக்கும் வணக்கம். சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் கொரட்டூரில் இருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. இறந்தவரைக் குறை சொல்ல மனசில்லை. ஆனால் சொல்லாவிட்டால் இந்தச் சாட்சி உங்களுக்குப் புரியாது. அவருக்குக் கோபம் வந்தால் தட்டு பறக்கும். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி காபி கேட்பார். அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வீடு எப்படி இருக்கும் என்று என் மகள் ஏஞ்சல் கண்டுபிடித்துவிடுவாள்.

போன வருஷம் எங்கள் சபையில் போன் மூலமாக மாலை ஜெபம் ஆரம்பித்தார்கள். வேறு சபைக்காரர்களும் சேர்ந்தார்கள். அதில் வந்தவர்தான் சாமுவேல். நசரத்பேட்டைக்காரர், மனைவியை இழந்தவர். வீடியோவில் எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள். நான் மட்டும் நடுவில் திறந்து பார்ப்பேன். தலையைக் குனிந்து அவ்வளவு தாழ்மையாக ஜெபிப்பார். இப்படி ஜெபிக்கிறவர் வீட்டிலும் சாந்தமாகத்தான் இருப்பார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நம்மைப் போன்ற விசுவாசிகள் மட்டும் செய்கிற தப்பு இது.

அப்புறம் தனியாக வாய்ஸ் மெசேஜ் வந்தது. எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். நானும் அனுப்பினேன். தினமும் காலையில் வேதத்தைத் திறப்பதற்கு முன்னால் போனைத் திறந்தேன். நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் சோறு இறங்காது. அவர் சொன்னது கொஞ்சம்தான். சொல்லாததையெல்லாம் நானே எனக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொண்டேன். பூந்தமல்லியில் ஒரு பஸ் மாறினால் அவர் வீடு. ஆனாலும் மாதக்கணக்கில் இரண்டு பேரும் நேரில் பார்க்கலாம் என்று பேச்சே எடுக்கவில்லை. எடுத்தால் இருப்பதும் கெட்டுவிடுமோ என்று பயம்.

அவர் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏஞ்சலிடம் சொன்னேன். பத்தாவது படிக்கிற பெண், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அவருக்குக் கோவம் வந்தா இன்னா பண்ணுவாருமா?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பிடித்த பாட்டு தெரியும், வசனம் தெரியும், எந்த மாத்திரை போடுகிறார் என்றுகூடத் தெரியும். இது தெரியவில்லை. போனில் யார் கோபப்படுகிறார்கள்? கோபம் வந்தால் வைத்துவிட்டு, ஆறின பிறகு எடுக்கலாம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் முடிவு தப்பாகிவிட்டால் நான் மட்டுமா அனுபவிக்கப் போகிறேன்?

முழங்காலில் நின்றேன். அதுவரை "இவரை எனக்குக் கொடும்" என்றே கேட்டுவந்தேன். அன்று, "ஆண்டவரே, இவர் கோபத்தைக் காட்டும்" என்று கேட்டேன். இப்படியும் ஒருத்தி ஜெபிப்பாளா என்று நீங்கள் சிரிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தார். வீடியோவில் பார்த்ததைவிட வயது தெரிந்தது. சோறு போட்டதும் ஜெபிக்க ஆரம்பித்தார். ஜெபம் நீண்டுகொண்டே போனது. குழம்பு ஆறிவிட்டது. பசி தாங்காமல் ஏஞ்சல் ஒரு அப்பளத்தை உடைத்தாள். அவர் கண்ணைத் திறந்து, "ஜெபம் முடியறதுக்குள்ள என்ன அவசரம்?" என்று சத்தம் போட்டார்.

பிள்ளை அப்பளத்தை வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் அப்பா காலத்தில் நின்ற அதே இடம். அவர் அதைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. அன்று முழுக்க அவரிடமிருந்து ஒரு மெசேஜ்கூட வரவில்லை. ஆண்டவர் பதிலை முடித்துவிட்டார் என்றே நினைத்து அழுதேன்.

மறுநாள் சாயந்திரம் கேட் பக்கம் சத்தம் கேட்டது. வேலையிலிருந்து நேராக, கம்பெனி சட்டையோடு சாமுவேல் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஏஞ்சலைப் பார்க்க வேண்டும் என்றார். அவள் என் பின்னால் வந்து நின்றாள்.

"பாப்பா, நேத்து நான் கத்தினது தப்பு. பசிக்கிற புள்ளகிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது. போன்ல சொல்ல மனசு வரல."

என் கல்யாண வாழ்க்கை முழுக்கக் கேட்டிராத வார்த்தை. நான் அழுதுவிட்டேன். ஏஞ்சல் அழவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்து, "உள்ள வாங்க. சோறு கீது" என்றாள்.

அன்றைக்கு அவர் செய்த ஜெபம் ஒரே வரி.

உடனே கல்யாணம் என்று குதிக்கவில்லை. பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் நேரில் வந்து போன பிறகுதான் போதகரிடம் போனோம். போனில் நான் கற்பனை செய்துவைத்த அந்தச் சாந்தமான மனுஷர் வரவேயில்லை. வந்தவர் இவர்தான்.

போனில் ஒருவரை நேசித்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிற சகோதர சகோதரிகள் உங்களில் இருக்கலாம். "கொடும்" என்று கேட்பதற்கு முன்னால் "காட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். காட்டுவதைப் பார்க்கப் பெலனும் ஆண்டவரே தருவார். எனக்குத் தந்தார்.

இதை எழுதும்போது பக்கத்து அறையில் இரண்டு பேரும் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். ஏஞ்சலின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. கர்த்தருக்கே மகிமை.