மெதுவாகக் கரையட்டும், ஆண்டவரே

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் லூனாஸில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். என் கழுத்தில் தேவன் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்ததும் கழுத்துக் கட்டி புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை செய்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் திரும்ப வந்துவிட்டது. இடிந்துபோனேன். "நான்தானா கெடைச்சேன் ஆண்டவரே?" என்று சண்டைகூடப் போட்டேன். மகள் கல்யாணத்தைப் பார்ப்பேனா என்ற ஒரே நினைப்பு.

பினாங்கில் ஒரு மருத்துவமனையில் புது மருந்தைச் சோதனையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குளிரில் தண்ணீராக இருக்கும் ஜெல். ஊசியில் கட்டிக்குப் பக்கத்தில் போட்டால் உடல் சூட்டில் உறைந்து அங்கேயே தங்கும். புற்றுக்கட்டியைச் சுற்றியுள்ள அமிலப் புளிப்புப் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் மருந்தை விடும். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்த குடும்பம் எங்களுடையது. எனக்கு இது தலைகீழாகத் தெரிந்தது. இருந்தாலும் சம்மதித்தேன்.

ஊசி போட்டு வீட்டுக்கு வந்தால், கழுத்தில் புதிதாக ஒரு புடைப்பு! ஜெபக்குழு பதறிவிட்டது. குழுவை நடத்தும் சாந்தி அக்கா உபவாசம் அறிவித்தார். "இந்தக் கட்டி இன்னிக்கே கரையணும் ஆண்டவரே!" என்று வீடே அதிர ஜெபித்தோம். போதாதென்று அக்கா ஜெப எண்ணெய் பூசி, சூடாக ஒத்தடம் கொடுக்கவும் கிளம்பிவிட்டார். என் மனைவிதான், "கொஞ்சம் பொறுங்கக்கா" என்று டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் தமிழ்ப் பெண். "ஐயோ, அதுதான் மருந்து லா! ஒத்தடம் கித்தடம் வேணாம். மெதுவா கரைஞ்சாதான் வேலை செய்யும்," என்றார்.

அக்கா எண்ணெய்ப் புட்டியை மூடினார். மறுபடி முழங்கால் போட்டார். "ஆண்டவரே, முன்ன கேட்டத கேன்சல் பண்ணிருங்க. மெதுவா கரையட்டும்." அழுதுகொண்டே சிரித்தேன்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் ஜெபம். காய்ச்சல் வந்தது, களைப்பு வந்தது. புடைப்பு மெல்ல அடங்கியது. ஒவ்வொரு ஸ்கேனிலும் கட்டி சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசி ஸ்கேனில் அதைக் காணோம். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது, தொடர்ந்து வரவேண்டும் என்றார் டாக்டர். போய்க்கொண்டிருக்கிறேன். அந்த மருந்தும் ஆண்டவர் கொடுத்ததுதானே.

எதையும் உடனே கேட்கிற அவசரக்காரன் நான். என்னையே அவர் பொறுமையாக இருக்க வைத்தார். நீங்களும் மருத்துவரிடம் போங்கள், ஜெபத்தையும் விடாதீர்கள். அவர் நேரம் எடுத்துக்கொண்டால் பயப்படாதீர்கள்.

போன வாரம் மகள் கல்யாணம். சம்பந்தி என் கழுத்தில் மாலை போட்டார். அது சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. வலிக்கவே இல்லை.