பழைய சிலபஸ்காரர்

கேன்டீனில் தட்டை வாங்கியதும் சுடலைமுத்து உடனே கை வைத்துவிட மாட்டார். சோறு, சாம்பார், பொரியல், அப்பளம் என்று ஒருமுறை முழுக்கப் பார்ப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி டம்ளர் பக்கத்தில் வைப்பார். அப்புறம் பொரியலில் ஆரம்பிப்பார். "நல்லாத் தெரிஞ்சத முதல்ல முடிச்சிரணும். கஷ்டமானது எங்கயும் ஓடிப் போயிராது" என்பார். எதிரே இருப்பவர் அதைச் சாப்பாட்டு விஷயம் என்று நினைத்தால் ஏமாந்துபோவார். மனுஷர் பரீட்சையைப் பற்றிப் பேசுகிறார். பதினோரு வருஷமாக அவர் வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை.

ஓசூர் சிப்காட்டில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை அது. கீழே ஷெட்டில் இரும்பை உருக்கி வார்ப்பதற்கும் காஸ்டிங் என்றுதான் பெயர், மாடியில் சுடலைமுத்து அடக்க விலைக் கணக்குப் போடுவதற்கும் காஸ்டிங் என்றுதான் பெயர். எந்த காஸ்டிங்கில் சூடு அதிகம் என்று ஷெட்காரர்கள் கேலி செய்வார்கள். ஊர் நாங்குநேரிப் பக்கம். வயது நாற்பத்தொன்று. எழுதுவது காஸ்ட் அக்கவுண்டன்ட் ஃபைனல் பரீட்சை, வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூனிலும் டிசம்பரிலும்.

பரீட்சை எழுதுகிற வித்தையில் அவருக்குத் தெரியாத சூட்சுமம் கிடையாது. ஒரு மார்க்குக்கு ஒண்ணேமுக்கால் நிமிஷம், அதற்கு மேல் ஒரு நொடி கொடுக்கக் கூடாது. விடை தப்பானாலும் போட்ட வழிக்கு மார்க் உண்டு, ஆகவே எதையும் அடிக்கக் கூடாது. கேள்வி புரியாவிட்டால், 'இப்படி எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் துணிந்து போட வேண்டும். புதுப் பேனாவோடு பரீட்சைக்குப் போகிறவனும் புதுச் செருப்போடு திருப்பதி மலை ஏறுகிறவனும் ஒன்று. பேப்பர் முடிந்து வெளியே வந்து விடையை ஒப்பிட்டுப் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "செத்த பிள்ளைக்கு ஜாதகம் பாக்கானுவோ" என்று இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவார். பெங்களூர் சென்டரில் அந்தக் கோலத்தைப் பார்க்காதவர்கள் இல்லை.

இவ்வளவு தெரிந்தவர் ஏன் தேறவில்லை என்று கேட்பீர்கள். அதைத்தானே அவர் மனைவி காளியம்மாளும் கேட்கிறார்! பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும் என்பது சுடலைமுத்துவின் முதல் விதி. "சவத்த விட்டுத் தள்ளும்வே! கெட்டுன பொண்டாட்டியா அது?" என்று மற்றவர்களுக்குச் சொல்வார். ஹாலில் உட்கார்ந்தால் அவருக்கே கை வராது. ஆபீஸில் கணக்கு டேலி ஆகாமல் ஒருநாளும் நாற்காலியை விட்டு எழுந்தவரில்லை. பதினேழு வருஷப் பழக்கம் பரீட்சை ஹாலுக்கு வெளியே செருப்போடு நின்றுவிடுமா? ஒன்பது ரூபாய் வித்தியாசத்தைத் தேடி முக்கால் மணி நேரத்தைத் தொலைத்திருக்கிறார். பேப்பருக்கு நாற்பது மார்க் வாங்கினால் போதாது, நாலும் சேர்ந்து இருநூறு வர வேண்டும். ஒரு டிசம்பரில் அவருக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது. மறு கூட்டலுக்கு எழுதிப் போட்டார். மாற்றம் இல்லை என்று பதில் வந்தது. அன்றிலிருந்து ஷெட்டில் அவருக்கு 'ஒத்த மார்க்கு' என்று பெயர்.

காளியம்மாளுக்கு இந்தப் பரீட்சை ஒரு சக்களத்தி. "எங்க ஊரு அம்மன் கோயில் கொடை பாத்துப் பதினோரு வருசம் ஆச்சு. இருக்க லீவெல்லாம் அவளுக்குத்தான" என்பார். சிரித்துக்கொண்டே சொல்கிற மாதிரி இருக்கும். சிரிப்பு ஒன்றும் இருக்காது.

பதினோராவது வருஷத்து டிசம்பர்தான் கடைசி. பழைய சிலபஸ்காரர்களுக்கு இனி பரீட்சை கிடையாது, தேறாதவர்கள் புதுச் சிலபஸில் முதல் பேப்பரிலிருந்து தொடங்க வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பதவி காலியாக இருந்தது. "பாஸ் பண்ணிட்டு வாங்க, உங்க பேரையே எழுதறேன். இல்லேன்னா மெட்ராஸ்லேர்ந்து பாஸ் பண்ண ஆளை அனுப்பிடுவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்றார் மேனேஜர் சௌந்தரராஜன். நல்ல மனிதர். அவர் கையிலும் அவ்வளவுதான் இருந்தது.

சுடலைமுத்து போய் எழுதினார். திரும்பி வந்து காளியம்மாளிடம், "இந்த மட்டம் டேலி ஆவல. விட்டுட்டேன். அப்படியே போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்" என்றார். தேறியதைப் போலவே சொன்னார். காளியம்மாள் முதல் தடவையாக நம்பினார்.

பிப்ரவரியில் ரிசல்ட். பரீட்சை நடத்துகிறவர்களின் பெங்களூர் ஆபீஸ் போர்டில் தேறியவர்களின் நம்பரை ஒட்டுவார்கள். அந்த ஊரில் தொழிற்சாலைக்கு பேரிங் அனுப்பும் கடையில் கரியப்பா என்று ஒரு கன்னடக்காரர், தங்கமான மனுஷர். சுடலைமுத்து அவருக்கு டிரங்க் கால் போட்டார். கொரகொரவென்ற லைனில் தன் நம்பரை, "மூவாயிரத்தி நானூத்தி எம்பது" என்று மூன்று தடவை கத்தினார். சாயங்காலம் கரியப்பா திரும்பக் கூப்பிட்டார். "மூரு சாவிரத நானூரா எப்பத்து! இதே சார்! பாஸ்!" என்று அவரும் கத்தினார்.

ஆபீஸே எழுந்து நின்றது. ருக்மணி டைப்ரைட்டரை நிறுத்திவிட்டுக் கை தட்டினார். ஷெட்டிலிருந்து சென்னப்பன் மேலே வந்து, "ஒத்த மார்க்குன்னு இனிமே எவனாச்சும் சொல்லட்டும், பல்லப் பேத்துடறன்" என்றார். அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். சுடலைமுத்து லட்டு வாங்கி வரச் செய்து, தட்டை ஏந்தி ஒவ்வொரு மேஜையாகப் போனார். அழுதுகொண்டேதான் கொடுத்தார். மறைக்கவும் இல்லை.

கடைசி மேஜை அட்டெண்டர் ஆஞ்சப்பனுடையது. உத்தனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, மாமனார் வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ். "தெளிவாச் சொன்னாருவே, எப்பத்துன்னு! எம் பேரச் சொன்ன மாரி கேட்டுச்சு" என்று சுடலைமுத்து தட்டை நீட்டினார்.

ஆஞ்சப்பன் லட்டை எடுக்கவில்லை. "சார், எப்பத்துன்னா சொன்னாரு? எம்பத்து இல்லீங்களே?"

"எப்பத்துதான். ஏன்?"

"தப்பா நெனைக்காதீங்க சார். கன்னடத்துல எப்பத்துன்னா எழுவது. எண்பதுக்குத்தான் எம்பத்துன்னுவாங்க." குரலை இறக்கிக்கொண்டு, "லைன் சரியில்லாம இருந்திருக்கும். இன்னொரு வாட்டி கேட்டுடுங்க சார்" என்றார்.

சுடலைமுத்து தட்டோடு நின்றார். இவர் சொன்ன 'எம்பது' அங்கே எழுபதாகப் போயிருக்கிறது, அங்கிருந்து கிளம்பிய எழுபது இங்கே எண்பதாக வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்கு அது புரிவதற்கு ஒண்ணேமுக்கால் நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை அவரே கரியப்பாவுக்குப் போன் போட்டார். எழுபதா எண்பதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை. "நேர்ல வந்து ஒருக்கப் பாத்துக்கிடுதேன்" என்றார். "வாங்க வாங்க, நானும் பர்த்தீனி சார்!" என்று தானும் அங்கே வருவதாகச் சொன்னார் கரியப்பா. காளியம்மாளிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ் அரைமணி நேரம் நின்றது. இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றிருந்தது அவருக்கு.

போர்டின் முன்னால் பத்துப் பேர் இருந்தார்கள். விலக்கிக்கொண்டு போய் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். 3466. 3470. அடுத்தது 3492. தாளின் அந்தப் பக்கமும் பார்த்தார். கிழித்து ஒட்டியிருக்கிறார்களா என்று ஓரத்தைத் தடவினார். நல்ல தாள், ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தார்கள். பதினோரு வருஷம் அந்த இரண்டு நம்பருக்கு நடுவில் எங்கேயோ விழுந்து போயிற்று. பாவி மனுஷருக்கு அழுகைகூட வரவில்லை.

"சார்! சுடலைமுத்து சார்!"

கரியப்பா படியேறி ஓடி வந்துகொண்டிருந்தார். குட்டையான ஆள், வேர்த்து வழிந்தது. மார்க்கெட்டில் வாங்கிய ரோஜா மாலை, வாழையிலைச் சுருளை மீறி வெளியே தொங்கியது. போர்டுக்கு வந்து 3470-ஐ விரலால் தட்டிக் காட்டினார். "நோடி சார்! எப்பத்து! நான் பொய் சொல்லல்ல!" அவர் கண்ணும் நிறைந்திருந்தது. சுற்றியிருந்தவர்கள் திரும்பி, வாழ்த்துச் சொல்வதற்குத் தயாராகச் சிரித்தார்கள்.

சுடலைமுத்து கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கரியப்பாவின் கைக்கு எட்டும்படி கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தார்.