இணங்கிப்போன கண்

ஏலூரில் உரமூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதால்தான் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தேன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. அதன் பிறகு எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. வாணியம்பாடியில் கொஞ்ச நாள் தோல் வேலை பார்த்திருந்ததால், பைனாகுலர் செய்யும் ஒரு பட்டறையில் உறை தைக்க எடுத்துக்கொண்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது.

பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் பட்டறை. கீழே சுக்கு மூட்டைகள் அடுக்கியிருக்கும். கொச்சியின் ஈரத்தில் லென்ஸ் மேல் பூசணம் சிலந்தி வலைபோலப் படரும் என்பதால், எப்போதும் பல்பு எரியும் மர அலமாரியில்தான் லென்ஸ்களை வைப்பார்கள். மழை மாதங்களில் மின்சாரம் போனால் எல்லோரும் முதலில் அந்த அலமாரியைத்தான் பார்ப்போம்.

முதலாளியை நாங்கள் சேட்டன் என்று கூப்பிட்டோம். துறைமுகத்தில் கப்பல் கருவிகளைப் பழுதுபார்த்தவர். கப்பல்காரர்கள் கழித்துப் போட்ட பைனாகுலர்களை வாங்கி, நல்ல லென்ஸ்களைத் தனியே எடுத்து, பித்தளையில் புது உடல் வார்த்துப் பொருத்தத் தொடங்கினார். முதலில் வாங்கியவர்கள் மலை எஸ்டேட் வேட்டைக்காரர்கள். அவர்களுடைய துப்பாக்கிகளின் மேல் மாட்டும் தூரக்கண்ணாடியும் செய்தார். வேட்டைக்குத் தடை வந்ததும் அது நின்றது. துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டியவர்களில் சிலர் பறவை பார்க்க ஆரம்பித்தார்கள். குதிரைப் பந்தயக்காரர்களும் வள்ளம்களி என்னும் படகுப் போட்டி நடத்துபவர்களும் வந்தார்கள். சீமைச் சாமானுக்குக் கொடுக்கும் விலையையே இதற்கும் கொடுத்தார்கள். இதெல்லாம் நான் வருவதற்கு முந்தைய கதை. தொழிலில் பங்காளியான பாலக்காட்டுச் சாமி சொல்லித்தான் தெரியும்.

அவ்வளவு விலை கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. பைனாகுலரின் இரண்டு குழாய்களும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். இம்மி கோணினாலும் கண் பாடுபட்டு இரண்டு உருவத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். சேட்டன் ஒவ்வொன்றையும் காயல் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து, எதிரே வெலிங்டன் தீவில் நிற்கும் கிரேனின் உச்சியை வைத்துப் பார்ப்பார். கடற்படை இருக்கும் பக்கம் மட்டும் திருப்பக் கூடாது. பக்கத்தில் வைத்த சாயா ஆறும்வரை பார்த்துவிட்டு, "போகட்டே" என்பார். அதற்குப் பிறகுதான் நான் உறைக்குள் போடுவேன். தலை வலித்தால் திருப்பிக் கொண்டுவரலாம் என்பது அவர் கொடுத்த வாக்கு. யாரும் கொண்டுவந்ததில்லை.

எண்பதுகள் பிறந்த பிறகு முதல் முறையாகப் புகார் வந்தது. வள்ளம்களிக்காரர்கள் மூன்றைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"சேட்டா, தலைவலிங்கறா" என்றார் சாமி.

சேட்டன் மூன்றையும் பார்த்தார். "ஒரு குழப்பமும் இல்லா. கள்ளு குடிச்சிட்டு வள்ளம் பார்த்தா தலை வலிக்கும், பின்னே?"

எல்லோரும் சிரித்தோம். அடுத்த மாதம் பந்தயக்காரர்களிடமிருந்தும் திரும்பி வந்தன. சாமி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். கிரேனின் உச்சி இரண்டாக நின்றது.

"ரெண்டாத் தெரியுது, சாமி."

"எனக்கும்தான் ஓய். நீர் போய்ச் சொல்லும்."

"நான் உறை தைக்கிறவன். நீங்கதானே பங்காளி?"

"பங்காளி சொன்னா சண்டை. நீர் சொன்னா வசவோட போயிடும்."

சேட்டன் எங்கள் பின்னால்தான் நின்றிருந்தார். வையவில்லை. பைனாகுலரை வாங்கித் தாங்கியில் பொருத்தி, பக்கவாட்டில் இருந்த சின்னத் திருகாணியை லேசாகத் திருப்பினார்.

"அண்ணாச்சி, நோக்கு. இப்போ?" என்று என்னிடம் கேட்டார்.

"ரெண்டு, சேட்டா."

குனிந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணு."

மறுபடி திருப்பினார்.

"நல்லாப் பிரிஞ்சு நிக்குது சேட்டா. நடுவுல இன்னொரு கிரேனே வைக்கலாம்."

பார்த்தார். இந்த முறையும் அவருக்கு ஒன்றுதான் என்பது முகத்தில் தெரிந்தது. கடைசல் இயந்திரத்தில் இருந்தவர்களும் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் திருப்பினார், பார்த்தார், அப்படியே குனிந்திருந்தார்.

"போதும் சேட்டா" என்றார் சாமி.

கோணலைப் பார்த்துப் பார்த்து அவர் கண் எந்தக் கோணலுக்கும் இணங்கிப் போகப் பழகியிருந்தது. எப்போதிலிருந்து என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"வித்தது எல்லாம் திருப்பி வாங்கணும்" என்றார் கடைசியில்.

"கடையை மூடணும்னு நேராச் சொல்லுங்கோ. வலிச்சவா கொண்டுவருவா. வலிக்காதவாளை ஏன் எழுப்பணும்?"

"அதிலே நம்ம பேரு இருக்கு, சாமி."

சாமி விற்பனைப் புத்தகத்தை எடுத்து முகவரிகளைக் குறிக்கத் தொடங்கினார். சுவரில் கோடுகள் போட்டு, விளக்கொளியைக் குழாய்கள் வழியே விழவைத்துச் சரிபார்க்கும் முறைக்கு மாறினோம். ஊர் சுற்றப் பழகியவன் என்று என்னை அனுப்பினார்கள். பீர்மேடு, மூணாறு, வண்டிப்பெரியார் என்று பஸ் ஏறி இறங்கி, சரிசெய்து தருவதாகச் சொல்லி வீடு வீடாகக் கேட்டு வாங்கிவந்தேன். பலர் நாயை அவிழ்த்துவிடாத குறை. புது விற்பனை நின்றது. கடைசல்காரர்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குக் கிளம்பினார்கள். எனக்கு அரைச் சம்பளம். ஒரு வேளை கப்பைக்கிழங்கும் மீன்குழம்புமாக ஓட்டினேன். ஏன் கிளம்பவில்லை என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

பீர்மேட்டில் ஓய்வு பெற்ற எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து வாங்கிவந்ததைச் சரிசெய்து திருப்பிக் கொடுத்திருந்தோம். ஒரு மழை நாளில் அவரே வந்துவிட்டார். கைப்பிடியைப் பிடித்து மாடியேறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"எந்தா நீங்க செய்தது? இப்பத்தான் எல்லாம் ரெண்டாத் தெரியுது. ரெண்டு மலை, ரெண்டு ஆனைக்கூட்டம்."

சாமி சுவர்க் கோடுகளைக் காட்டினார். "சார், இப்போதான் சரியா இருக்கு. பழைய கோணலுக்குப் பழகின கண்ணு, கொஞ்ச நாள் பார்த்தேள்னா இதுக்கும் பழகிடும்."

"எனக்கு ஏது கொஞ்ச நாள்? வராந்தாவில் உட்கார்ந்தா அந்த மலை மட்டும்தான் எனக்கு. பழையபடி ஆக்கித் தா."

கடைசல்காரர்களில் மிஞ்சியிருந்தவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நேராக்கத்தான் எனக்குத் தெரியும் சாரே."

சேட்டன் எழுந்து வந்து அதை வாங்கினார். ஜன்னலருகே பெரியவரை உட்காரவைத்து, திருகாணியைச் சற்றுத் திருகி, பைனாகுலரை அவர் கையில் கொடுத்தார். பெரியவர் பார்த்து, இல்லை என்று தலையசைத்தார். சேட்டன் மீண்டும் வாங்கித் திருகிக் கொடுத்தார். தன் கண்ணில் ஒருமுறைகூட வைக்கவில்லை. மழையில் கிரேன் மங்கலாகத்தான் தெரிந்தது. வெகுநேரம் கழித்துப் பெரியவர், "ம்" என்றார். முகம் தெளிந்திருந்தது.

சேட்டன் அதைத் திரும்ப வாங்கி, அரத்தை எடுத்து, பித்தளையில் வெட்டியிருந்த பட்டறையின் பெயரைத் தேய்க்கத் தொடங்கினார்.

"அது எதுக்கு?" என்றார் பெரியவர்.

"இது இனி நிங்களுடைய சாதனம். பட்டறையோடது அல்ல."

கடைசி எழுத்தும் மறையும்வரை தேய்த்தார். பிறகு என்னிடம் உறை கேட்டார். அலமாரியில் இருந்த உறை எல்லாவற்றிலும் அதே பெயர் அழுத்தியிருந்தது. மேஜையில் கிடந்த வெறும் தோலை எடுத்து, பெரியவர் காத்திருக்கவே, புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தேன்.